படம் எடுக்கும் முன் வெளிச்சத்தைப் பாருங்கள்

அம்மா இறந்தபோது மாலை போட ஒரு நல்ல படம் வீட்டில் இல்லை. கடைசியில் ஏதோ ஒரு அட்டைக்காக எடுத்த சின்னப் படத்தைப் பெரிதாக்கி மாட்டினோம். நேருக்கு நேர் அடித்த ஃபிளாஷில் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, கண்கள் மிரண்டிருக்கும். இன்றும் கூடத்தில் அதுதான் தொங்குகிறது. எனக்கு அதில் அம்மா தெரிவதில்லை.

குமாஸ்தா வேலையில் விண்ணப்பங்களோடு வந்த படங்களை ஆயிரக்கணக்கில் பார்த்தவன் நான். முக்கால்வாசி இப்படித்தான் இருக்கும். குறை காமிராவில் இல்லை, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காததில்தான் என்பது என் கட்சி.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். ‘ஃபோட்டோகிராஃபி’ என்றால் கிரேக்கத்தில் ‘ஒளியால் எழுதுவது’ என்று எங்கள் முசியே சொல்லிக் கொடுத்தார். 1826-27 வாக்கில் நியெப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்ததுதான் இன்று மிஞ்சியிருக்கும் மிகப் பழைய காமிராப் படம். அது பதிவாக அத்தனை நேரம் பிடித்தது. அதற்குள் சூரியன் நகர்ந்துவிட்டதால் கட்டடங்களின் இரண்டு பக்கமும் வெயில் விழுந்திருக்கும்.

நம் நாட்டுக் கதையைச் சொல்கிறேன். சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ 1956-இல் வந்தது. அதில் வரும் காசி வீட்டில், நம் முற்றத்து வீடுகளைப் போலவே, வெளிச்சம் மேலிருந்து இறங்கிச் சுவரில் பட்டு மெதுவாகப் பரவ வேண்டும். ஆனால் அந்த வீட்டை ஸ்டூடியோவுக்குள் செட்டாகப் போட்டிருந்தார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ரா முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அதன்மேல் அடித்து, வெளிச்சத்தைத் திரும்பி விழச் செய்தார். பிற்பாடு மட்டக்களப்பில் பிறந்த நம் பாலு மகேந்திராவும் இயற்கை வெளிச்சத்தை நம்பியே பெயர் வாங்கினார்.

மித்ரா துணி கட்டி வரவழைத்த வெளிச்சம் நம் வீடுகளில் சும்மா கிடைக்கிறது. உச்சி வெயிலில் மட்டும் எடுக்காதீர்கள்; கண்குழி கறுத்துப் போகும். நெடுங்காட்டில் என் வீடு கிழக்குப் பார்த்தது. மாலை நான்கு மணிக்கு வெயில் கொல்லைப்பக்கம் போய்விடும், திண்ணையில் வெறும் வெளிச்சம் மட்டும் நிற்கும். முகம் எடுக்க அதுவே போதும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மூடினால் வானமே வெள்ளைத் துணிதான். வீட்டுக்குள் என்றால் ஃபிளாஷை அணைத்துவிட்டு ஆளை ஜன்னலோரம் உட்கார வையுங்கள். ஒரு பக்கம் இருட்டடித்தால், அந்தப் பக்கம் வெள்ளை வேட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நிழல் தெளியும்.

“எல்லாவற்றையும் போனே சரி பண்ணிவிடும், தாத்தா” என்கிறான் பேரன். ஒரு பொத்தானைத் தட்டிப் பாட்டியின் சுருக்கங்களை அழித்தும் காட்டினான். நாற்பது வயது குறைந்தது. ஆனால் யாரோ ஒரு அம்மாள். அந்தச் சுருக்கம் ஒவ்வொன்றும் எனக்குத் தெரிந்தது. அதை அழிக்கச் சொன்னது யார்?

போன வாரம் திண்ணையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவளை நானே எடுத்தேன்.

“இந்த வயசுல எனக்கெதுக்குப் படம்?” என்றாள்.

“இந்த வயசுலதான் வேணும்” என்றேன்.

காரைக்காலுக்குப் போய்ப் பிரிண்ட் போட்டு வைத்துவிட்டேன். நீங்களும் உங்கள் வீட்டில் இந்த வாரமே ஒன்று எடுத்து வையுங்கள். தேடும் நாள் வந்தபிறகு வெளிச்சம் இருந்து பயனில்லை.