40 வயதில் மார்பக அழகு சிகிச்சை: முடிவெடுக்கும் முன்...

“பிள்ளைங்க வளர்ந்தாச்சு, இனி எனக்காக ஒண்ணு செஞ்சுக்கலாமே” என்று ஒரு பெண் நினைப்பதில் தவறே இல்லை. ஆனால், மார்பக இம்பிளான்ட் ஆயுசுக்கும் தாங்கும் பொருள் அல்ல.

2021-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ, இதற்குக் கட்டம்கட்டிய எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. வைத்த காலம் கூடக்கூட சிக்கலும் கூடும். மறு ஆபரேஷன் தேவைப்படலாம். சிலிகான் என்றால் 5-6 ஆண்டுகளில் முதல் ஸ்கேன், பிறகு 2-3 ஆண்டுகளுக்கு ஒருமுறை.

தொய்வு மட்டும்தான் குறையா? இம்பிளான்ட் இல்லாமலே ‘லிஃப்ட்’ செய்யலாம், தழும்பு இருக்கும். அழகுக்கான சிகிச்சைக்குப் பொதுவாக இன்சூரன்ஸ் கிடையாது.

எனவே, இன்றைய பில்லை மட்டும் பார்க்காதீங்க. “60 வயதில் எனக்கு என்ன செலவு, என்ன சிகிச்சை வரும்?” என்று டாக்டரிடம் கேளுங்க. பதில் மழுப்பலா? தள்ளிப்போடுங்க. இது அவசர ஆபரேஷன் இல்லை.