கட்டிங் மெஷின் வீட்டுக்கு வந்தாச்சு... பொறி எங்கே போய் விழும்?

தீபாவளி முடிந்த கையோடு சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் அமைதி வந்துவிடும். பட்டாசு ஆலைகள் சில வாரங்களுக்குப் பூட்டிக் கிடக்கும். பூஜை போட்டு மறுபடி திறக்கும்வரை கையில் போனஸ் பணமும் கொஞ்சம் ஓய்வும் இருக்கும். வருஷம் முழுக்கத் தள்ளிப்போட்ட வேலைகள் அப்போதுதான் ஞாபகத்துக்கு வரும். ஆடுகிற கதவு, துருப்பிடித்த ஜன்னல் கம்பி, மாட்டாமல் கிடக்கும் ஷெல்ஃப், மாடிப்படிக்குக் கைப்பிடி. 'ஆசாரியைக் கூப்பிட்டுக் காத்துக் கிடப்பதற்கு நாமே ஒரு மெஷின் வாங்கிவிட்டால் என்ன?' என்று தோன்றுவது இயல்புதான்.

விலையும் இன்று கைக்கு எட்டுகிறது. இரண்டு, மூன்று ஆயிரம் ரூபாய்க்குள் நாலு இஞ்ச் கிரைண்டர் கிடைக்கிறது. பட்டறைக்காரர்கள் 'ஏஜி4' என்பார்கள், வீட்டில் 'கட்டிங் மெஷின்'. அதே விலைக்கு டிரில்லும் வந்துவிடும். வாட்ஸ் எவ்வளவு, ஆர்.பி.எம் எவ்வளவு, வாரன்டி எத்தனை மாதம் என்று எல்லாவற்றையும் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். விருதுநகர் மாவட்டத்தில் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும். பொறி பறந்தால் எங்கே போய் விழும்?

முதலில் ஒரு சின்னக் கதை. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1895-ல் வில்ஹெல்ம் எமில் ஃபைன் என்பவரின் கம்பெனி கையில் பிடிக்கும் மின்சார டிரில்லைச் செய்தது. கனத்த சாமான் அது. துப்பாக்கி மாதிரிக் கைப்பிடியும் விசையும் வைத்து, ஒரு ஆள் சுலபமாகப் பிடிக்கும்படி ஆக்கியது அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர். அது முதல் உலகப் போர்க் காலம். இரண்டாம் உலகப் போரின்போது, ஆயுதத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் டிரில்லை வீட்டு வேலைக்கும் எடுத்துப்போனார்களாம். வீட்டுக்கும் இது தேவைதான் என்று கம்பெனிக்கு உறைத்தது அப்படித்தான் என்று சொல்வார்கள். 1946-ல் வீட்டு உபயோகத்துக்கென்றே தனி டிரில் விற்பனைக்கு வந்தது. தொழிற்சாலையில் இருந்த சாமான் வீட்டுக்கு வந்தது. ஆனால் அங்கே இருந்த ஃபோர்மேன், தீயணைப்பு வாளி, 'இங்கே வைத்து வெட்டாதே' என்ற போர்டு எதுவும் கூட வரவில்லை.

டிரில் ஓரளவு சாது. வீட்டுக்கு முதலில் வாங்க வேண்டியதும் அதுதான். சுவரில் துளை போட ஹேமர் வசதியுள்ள 13 எம்.எம். டிரில் போதும். கான்கிரீட் பீமில் அடிக்கடி துளை போடுகிறவர்களுக்கு மட்டுமே பெரிய ரோட்டரி ஹேமர் தேவைப்படும். செங்கல்லுக்கு ஒரு பிட், இரும்புக்கு ஒரு பிட், மரத்துக்கு ஒரு பிட் என்று தனித்தனியாக வைத்துக்கொண்டால் மெஷினும் நிறைய நாள் உழைக்கும். டிரில் ஓட்டும்போது துணிக் கையுறை வேண்டாம். சுற்றும் பிட்டில் நூல் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல், தொளதொளச் சட்டைக் கை எல்லாவற்றுக்கும் இதேதான்.

கிரைண்டர் வேறு ஜாதி.

நாலு இஞ்ச் கிரைண்டர் நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று சுற்றும். கணக்குப் போட்டால் சக்கரத்தின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த விளிம்பு இரும்பைச் சுரண்டும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னத் துகள்கள் பிய்ந்து பறக்கின்றன. உராய்வில் சூடான துகள், காற்றில் இருக்கும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து உண்மையிலேயே எரிகிறது. நாம் பார்க்கும் பொறி எரிந்துகொண்டே பறக்கும் இரும்புதான். அதன் சூடு 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். கையில் பட்டால் சுருக்கென்று ஒரு வலி, அவ்வளவுதான். துகள் சின்னது, அதில் இருக்கும் மொத்த வெப்பம் குறைவு. அதனால்தான் எல்லோருக்கும் பயம் விட்டுப்போகிறது. சாக்கு, மரத்தூள், பஞ்சு, தின்னர் நனைந்த துணி இவற்றுக்குள் விழுந்தால் அதே துகள் போதும்.

பட்டாசு மருந்துக்கு அதில் பாதி கூடத் தேவையில்லை.

தலைமுறையாக இந்தத் தொழிலில் இருக்கும் ஊர் இது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த நாளிலிருந்து, 'உராய்ந்தால் பற்றும்' என்பது குழந்தைக்கும் தெரிந்த பாடம். ஆலைக்குள் அந்தப் பாடம் சட்டமாகவே இருக்கிறது. வெடிபொருள் விதிகளின்படி, மருந்து புழங்கும் அறையில் பயன்படுத்தும் கருவிகள் மரம், தாமிரம், பித்தளை போன்ற மென்மையான பொருளில்தான் இருக்க வேண்டும். ஆணி அடித்த செருப்புக்கு அனுமதி இல்லை. அறையில் ரிப்பேர் வேலை என்றால் அங்கே இருக்கும் மருந்தை முழுவதும் வெளியே எடுத்து, நன்றாகக் கழுவிவிட்ட பிறகே கருவியைத் தொடலாம்.

இரும்புச் சுத்தியலையே வாசலில் நிறுத்துகிற இடம் அது. அங்கிருந்து சாயங்காலம் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து ஏஜி4-ஐ ஓட்டுகிறபோது அந்த ஜாக்கிரதை எங்கே போகிறது என்று தெரியவில்லை. 'இது வீடுதானே, மருந்து எதுவும் இல்லையே' என்று பதில் வரும். பெரும்பாலான வீடுகளில் உண்மையும் அதுதான். ஆனாலும் ஒரு தடவை சுற்றிப் பார்க்கலாம். வேலைக்குப் போட்டுப்போன சட்டை எந்த ஆணியில் தொங்குகிறது? அலுமினியப் பவுடர் புழங்கும் அறையில் நாள் முழுக்க இருந்த துணி அது. தீபாவளிக்கு வெடித்தது போக மிச்சமான பெட்டி பரணில் இருக்கிறதா, பட்டறை மூலையில் இருக்கிறதா? பிள்ளைகள் சேர்த்துவைத்த வெடிக்காத வெடி, திரித் துண்டு? பக்கத்து வீட்டில் என்ன இருக்கிறது?

கடைசிக் கேள்விதான் சங்கடமானது. அனுமதி இல்லாமல் வீட்டில் வைத்துப் பட்டாசு செய்வது குற்றம். அடிக்கடி போலீஸ் பிடிப்பதும், அடிக்கடி விபத்துச் செய்தி வருவதும் இந்த மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தெருவில் எந்த வீட்டில் அது நடக்கிறது என்பதும் தெருவுக்குத் தெரியும். யாரும் பேசுவதில்லை. பக்கத்துச் சுவரை ஒட்டி நின்று கம்பி வெட்டுகிறவர், அந்த மௌனத்துக்குள் பொறியைத் தூவுகிறார்.

2016 அக்டோபர் 20-ம் தேதி, சிவகாசியில் ஒரு பட்டாசுக் கிடங்கில் வண்டியில் பெட்டி ஏற்றும்போது தீப்பிடித்தது. ஒட்டியிருந்த ஸ்கேன் சென்டருக்குள் புகை புகுந்தது. 8 பேர் இறந்தார்கள். அங்கே கிரைண்டரும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. ஸ்கேன் எடுக்க வந்தவருக்கும் பட்டாசுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஊருக்குள் தீ பிடித்தால் அது யார் வாசலில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது என்பதற்காகத்தான் இந்தச் சம்பவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சரி, பொறி எவ்வளவு தூரம் போகும்? பொறி பறக்கும் வேலைகளுக்கு அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம் ஒரு விதி வைத்திருக்கிறது. வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி 35 அடிக்குள் பற்றக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. வேலை முடிந்த பிறகும் ஒரு ஆள் அங்கேயே நின்று கவனிக்க வேண்டும். முன்பு அரை மணி நேரம் என்று இருந்ததைப் பிறகு ஒரு மணி நேரமாக உயர்த்திவிட்டார்கள். சாக்கிலோ மரத்தூளிலோ விழுந்த பொறி உடனே சுடர்விடாது. உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்து, நீங்கள் கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்த பிறகு எழும்பும்.

திருத்தங்கல் தெருவிலோ சாத்தூர்ச் சந்திலோ 35 அடி என்றால் நம் வீடு முடிந்து, அடுத்த வீடும் முடிந்து, அதற்கடுத்த வீட்டு அடுப்படி வந்துவிடும். விதியை அப்படியே கடைப்பிடிக்க வழியில்லை. பொறியின் திசையையாவது கையில் வைத்துக்கொள்ளலாம். சக்கரம் எந்தப் பக்கம் சுற்றுகிறதோ அந்த விளிம்பு வழியாகத்தான் பொறி கிளம்பும். மெஷினை ஓட்டாமல் கையில் பிடித்து, மெஷினின் தலைப்பகுதியில் உள்ள அம்புக்குறியைப் பார்த்தாலே பொறி போகும் பக்கம் தெரியும். அந்தப் பக்கம் வெறும் தரையோ, நனைத்த மண்ணோ, தகரம் சாய்த்த சுவரோ இருக்கட்டும். கேஸ் சிலிண்டர், பைக், தின்னர் டப்பா, கொடியில் காயும் துணி எதுவும் இருக்கக் கூடாது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு வாளி மணல். மருந்து புழங்கின துணியோ, மிச்சப் பட்டாசோ இருக்கிற வீட்டில் திசை பார்ப்பதெல்லாம் போதாது. அங்கே கிரைண்டரே வேண்டாம்.

'நான் பேட்டரி டிரில்தான் வைத்திருக்கிறேன், வயரே இல்லை, பொறி வராது' என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். சாதாரண மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உராய்ந்துகொண்டேதான் இருக்கும். இருட்டில் காற்றுத் துளை வழியாகப் பார்த்தால் நீலமாகப் பொறி தெரியும். பிரஷ்லெஸ் மோட்டாரில் அது கிடையாது. ஆனால் பிட் ஆணியில் உரசினால் என்ன ஆகும்? சூடு வரும், பொறியும் வரலாம். பிரஷ்லெஸ் என்பது மோட்டார் அதிக நாள் உழைப்பதற்கும் பேட்டரி நீடிப்பதற்கும் வந்த ஏற்பாடு. மருந்து அறைக்கான பாதுகாப்புச் சான்றிதழ் இல்லை. தெரிந்தவர் ஆலையில் 'ஒரே ஒரு துளைதான் அண்ணே, உங்க மெஷினைக் கொண்டுவாங்க' என்று கூப்பிட்டால், மருந்தை எடுத்து அறையைக் கழுவியாச்சா என்று கேட்காமல் கிளம்பக் கூடாது.

சக்கரத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெட்டுச் சக்கரத்துக்கும் எக்ஸ்பைரி தேதி உண்டு, மாத்திரைக்கு இருக்கிற மாதிரி! நடுத்துளையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் வருஷமும் அச்சிட்டிருக்கும். துகள்களை ஒட்டிவைத்திருக்கும் பிசின் நாளாக ஆக, ஈரம் பட, வலுவிழக்கும். அப்புறம் 200 கிலோமீட்டர் வேகத்தில் உடையும். பழைய சக்கரம் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று வாங்குவது லாபமே இல்லை. அஞ்சு இஞ்ச் சக்கரம் மாட்டுவதற்காக கார்டைக் கழற்றி எறிகிற பழக்கம் பட்டறைகளில் பரவலாக இருக்கிறது. வீட்டில் அதைக் காப்பியடிக்க வேண்டாம். அதைவிட மோசமானது மரம் அறுக்கும் பல் பிளேடைக் கிரைண்டரில் மாட்டுவது. சீமைக்கருவேல மரம் இந்த மாவட்டத்தில் எங்கு பார்த்தாலும் கிடைக்கிறது, கல் மாதிரி கெட்டி. பல் அதில் சிக்கினால் மெஷின் பின்னால் எகிறும். எகிறும் இடத்தில் இருப்பது பிடித்தவரின் கழுத்தோ தொடையோதான். மரத்துக்கு ஜிக்சா இருக்கிறது, வட்ட ரம்பம் இருக்கிறது. கை ரம்பமும் இருக்கிறது.

இரும்புக்கான சக்கரத்தில் அலுமினிய ஜன்னல் சட்டத்தை வெட்டுவதும் கூடாது. அலுமினியம் உருகிச் சக்கரத்தின் துளைகளை அடைத்துவிடும், சக்கரம் சூடேறி வெடிக்கலாம். அலுமினியத் தூளும் துருத் தூளும் ஒரே இடத்தில் குவிந்து, மேலே பொறியும் விழுந்தால் என்ன ஆகும் என்று பட்டாசு ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் கூட்டி அள்ளிவிட்டால் போதும். கூரைக்குப் போடும் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் கிரைண்டரால் தொடவே வேண்டாம். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போய்த் தங்கி, பல வருஷம் கழித்துப் புற்றுநோயாக வரும். 60-க்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்திருக்கின்றன. டைல்ஸ், கிரானைட் வெட்டினால் தண்ணீர் விட்டுக்கொண்டே வெட்ட வேண்டும், முகத்தில் என்-95 மாஸ்க் வேண்டும். கைக்குட்டை கட்டுவதால் பிரயோஜனம் இல்லை.

கரண்ட் விஷயத்தில் ஒன்றே ஒன்று. வீட்டு மெயினில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி இருக்கிறதா என்று எலெக்ட்ரீஷியனைக் கேளுங்கள். கிரைண்டர் தன் வயரையே வெட்டிக்கொள்வது சர்வசாதாரணமாக நடக்கும்.

கண்ணாடி, மூடிய செருப்பு, பருத்தி உடை இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாலியஸ்டர் பனியன் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும், அதை மட்டும் ஞாபகம் வைத்தால் போதும்.

வருஷத்துக்கு நாலு கம்பி வெட்டப்போகிற வீட்டுக்குக் கிரைண்டர் எதற்கு என்றும் ஒரு தடவை யோசிக்கலாம். தெருமுனை வெல்டிங் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுத்தால் அரை நிமிஷ வேலை. அதுவும் வேண்டாமென்றால் ஆக்ஸா பிளேடு ஃப்ரேமோடு சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். ஒரு இஞ்ச் பைப்பை அறுக்கக் கொஞ்ச நேரம் ஆகும், தோள் வலிக்கும். நடுவில் ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சுலபமாக ஓடும். பொறி பறக்காது.