ஆங்கில இலக்கிய மாணாக்கரும் கௌரவ சங்கமும்

ஐக்கிய அமெரிக்க நாட்டுக் கலாசாலைகளிலே கிரேக்க எழுத்துக்களைப் பெயராகப் பூண்ட சங்கங்கள் பல உள. அவற்றுள் ஆங்கில இலக்கியமும் எழுத்துக்கலையும் பயிலும் மாணாக்கர்க்கென்றே அமைந்தது ‘சிக்மா டௌ டெல்டா’ என்பது. தென் டக்கோட்டா மாகாணத்து மிட்செல் என்னும் ஊரில், மெதடிஸ்டு சபையார் நிறுவிய டக்கோட்டா வெஸ்லியன் கலாசாலையிலே, 1924-ஆம் ஆண்டில் அது தோன்றிற்று. பெயரிலுள்ள மூன்று எழுத்துக்களும் நேர்மை, உண்மை, அமைப்பு என்னும் மூன்றையும் குறிப்பனவாம். சிற்றூர்க் கலாசாலை ஒன்றில் முளைத்த அவ்வித்து இன்று பல நூறு கலாசாலைகளிற் கிளைத்து, அந்நாட்டின் எல்லையையும் கடந்து பரவியிருக்கிறது.

இச்சங்கம் செய்யும் காரியங்கள் பாராட்டத்தக்கனவே. அங்கத்தினர் எழுதும் கதையும் கவிதையும் கட்டுரையும் வெளிவருதற்கு அது பத்திரிகைகள் நடத்துகின்றது. ஆண்டுதோறும் மகாநாடு கூட்டி மாணாக்கரையே மேடையேற்றிப் படிக்கச் செய்கின்றது. பொருளுதவியும் பரிசும் அளிக்கின்றது. இத்தகைய சங்கம் நம் நாட்டிலும் வேண்டும் என்று நம் மாணாக்கர் விரும்பின் அதில் வியப்பில்லை. வேண்டும் என்பதே எமது அபிப்பிராயமும். ஆயினும், அச்சங்கத்தின் உள்ளே நடப்பவற்றை நாம் மேற்கொள்ளலாமேயன்றி, அதன் வாயிற்கதவை அப்படியே பெயர்த்துக் கொணர்ந்து இங்கே மாட்டலாகாது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அக்கதவு யாது? ஆங்கிலப் பாடங்களிற் பெற்ற மார்க்குகளின் உயர்ந்த சராசரி, வகுப்பில் முன்வரிசை, ஒருமுறை செலுத்தும் பிரவேசக் கட்டணம் என்பனவே. இவற்றைக் கடந்தவர் அங்கத்தினர் ஆகலாம். கடவாதவர் வெளியே நிற்றல் வேண்டும்.

கௌரவ சங்கங்கள் தொடக்கத்தில் இவ்வாறு இருந்தனவல்ல. இவ்வகைச் சங்கங்களுக்கெல்லாம் மூத்தது ‘பை பீட்டா காப்பா’. 1776-ஆம் ஆண்டில், விர்ஜீனியா மாகாணத்து வில்லியம் அண்டு மேரி கலாசாலையில், மாணாக்கர் சிலர் தாமே கூடி அதனைத் தொடங்கினர். கட்டுரை எழுதிப் படிப்பதும், எடுத்த பொருளில் இருபக்கமாக நின்று வாதிப்பதுமே அவர்கள் வேலை. காலம் செல்லச் செல்ல அச்சங்கம் பரீட்சையில் முந்தினவர்க்குக் கிடைக்கும் சின்னமாக மாறிற்று. முதலில் எழுதினவன் அங்கத்தினன் ஆனான். பின்னர் முந்தினவன் அங்கத்தினன் ஆனான். இவ்விரண்டில் எதனை நாம் கைக்கொள்வது என்பதே கேள்வி.

பழனி மலைத்தொடரின்மேல் கொடைக்கானலை அடுத்துள்ள அட்டுவம்பட்டியை இங்கு எடுத்துக்கொள்வோம். 1845-ஆம் ஆண்டில் மதுரை அமெரிக்க மிஷனெரிமார் வெப்பத்திற்கும் நோய்க்கும் தப்பும்பொருட்டுக் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினர். 1901-ஆம் ஆண்டில் மிஷனெரிமாரின் குழந்தைகளுக்கென்று அங்கே ஒரு பள்ளிக்கூடம் ஏற்பட்டது. இன்று கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி என வழங்குவது அதுவே. அதன்பின் பல்லாண்டு கழித்து, 1984-ஆம் ஆண்டில், தமிழ்நாட்டு அரசாங்கம் பெண்களுக்கெனச் சட்டமியற்றி நிறுவிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அட்டுவம்பட்டியில் அமைந்தது. ஆகவே ஒரே மலையில், சில மைல் இடைவெளியில், ஆங்கிலம் இருவேறு வாழ்வு வாழ்ந்து வருகின்றது. ஓரிடத்தில் அது தொட்டிலிலேயே கேட்ட மொழி. மற்றோரிடத்தில் அது வீட்டார் எவரும் பேசியறியாத மொழி, பாடப்புத்தகத்தின் வாயிலாக மட்டுமே வந்து சேர்ந்த மொழி.

நம் கலாசாலைகள் பலவற்றின் நிலையும் இதுவே. ஒரே வகுப்பில் இரண்டு மாணவிகள் அமர்ந்திருக்கிறார்கள் என்று கொள்வோம். ஒருத்தி மழலைப் பருவத்திலேயே ஆங்கிலக் கதை கேட்டு வளர்ந்தவள். மற்றொருத்தி தமிழ்ப் பள்ளியிற் படித்து, குடும்பத்திலே முதன்முதலாகக் கலாசாலை மிதித்தவள். ஒரு நாடகத்தின் ஓர் அங்கத்தைப் படிக்க முன்னவளுக்கு ஒரு மணி நேரம் போதும். பின்னவளோ அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று இரவு விழித்திருக்கிறாள். முதல் ஆண்டு முடிவில் மார்க்குப் பட்டியல் இருவரும் எங்கே நிற்கிறார்கள் என்பதைத்தான் காட்டும். எங்கிருந்து புறப்பட்டார்கள் என்பதைக் காட்டாது. அப்பட்டியலைக்கொண்டு கௌரவம் அளிப்போமாயின், பின்னவள் சங்கத்தின் வாயிலைக்கூடக் காணாள். அதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. இலக்கியம் தனக்குரியதன்று, பிறப்பிலேயே ஆங்கிலம் வாய்த்தவர்க்கே உரியது என்று அவள் தன் மனத்துள் தீர்மானித்துக்கொள்வாள். அத்தீர்மானத்தைப் பின்னர் எந்த ஆசிரியராலும் மாற்ற இயலாது.

மார்க்கு நோக்காமல் நடந்த இலக்கியச் சங்கத்திற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. கல்கத்தா இந்து கலாசாலையில் 1826-ஆம் ஆண்டில் ஹென்றி லூயி விவியன் டெரோசியோ என்பவர் ஆசிரியராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது பதினேழு. ஆங்கிலத்திற் கவி புனைந்த அவ்விளைஞர் 1828-ஆம் ஆண்டு முதல் ‘அகாடமிக் அசோசியேஷன்’ என்னும் சங்கத்தைத் தலைமை தாங்கி நடத்தினார். மாணாக்கர் கட்டுரை படித்தனர். சமயம், ஒழுக்கம், தத்துவம் முதலிய எப்பொருளையும் அஞ்சாது விவாதித்தனர். இளைஞரைக் கெடுக்கிறார் என்று பழி கூறி 1831-ஆம் ஆண்டில் அவரைப் பதவியினின்று விலக்கினர். அவ்வாண்டின் இறுதியிலேயே அவர் காலமானார்.

அவரைச் சூழ்ந்திருந்தவர் பின்னாளிற் செய்த தொண்டு கவனிக்கத்தக்கது. பியாரி சாந்து மித்திரர், கற்றோர் மட்டுமே அறிந்த கடுநடையை விட்டு, மக்கள் பேசும் வங்காளியில் ‘ஆலாலேர் கரேர் துலால்’ என்னும் கதையை எழுதினார். 1858-ஆம் ஆண்டில் நூலாக வந்த அதனை வங்க நாவல்களின் முன்னோடி என்பர். கிருஷ்ண மோகன பானர்ஜி 1832-ஆம் ஆண்டில் ஞானஸ்நானம் பெற்றுப் பின்னர்க் குருத்துவம் ஏற்றவர். அவர் 1846-ஆம் ஆண்டு முதல் ஆங்கிலமும் வங்காளியுமாக ‘வித்யாகல்பத்ருமம்’ என்னும் பெருந்தொகுதியை வெளியிட்டு, மேனாட்டு அறிவைத் தம் மக்களுக்கு வழங்கினார். ஆங்கிலச் சங்கத்தில் இட்ட எரு வங்கமொழியின் வயலிற் பயிராயிற்று.

நம் தமிழ்நாட்டிற்கும் இஃது ஒக்கும். கொடைக்கானல் மலையேறுவார் அடிவாரத்திற் கடந்து செல்லும் வத்தலக்குண்டிலே 1872-ஆம் ஆண்டிற் பிறந்த ராஜமையர், சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையில் ஆங்கிலம் கற்றுப் பட்டம் பெற்றவர். அவர் நமக்களித்துச் சென்றது ‘கமலாம்பாள் சரித்திரம்’. அதே கலாசாலையிற் பயின்ற மாதவையர் 1898-ஆம் ஆண்டில் ‘பத்மாவதி சரித்திரம்’ தந்ததோடு ஆங்கிலத்திலும் நாவல்கள் எழுதினார். ஆங்கில நூல்களைக் கற்றதனால் இவர்கள் தமிழை விட்டு அகன்றவர்களல்லர். தமிழ்க் குடும்பங்களையும் தெருக்களையும் புதிய கண்கொண்டு நோக்க அக்கல்வி அவர்களுக்கு உதவிற்று. ஆங்கில இலக்கியம் கற்போர்க்கு ஒரு கௌரவம் ஏற்படுத்துவோமாயின், இத்தகைய பயனை நாடியே ஏற்படுத்தல் வேண்டும்.

இனி, யாம் கூறும் முறை இது. சங்கத்திற் சேர விரும்பும் மாணாக்கர் எவராயினும் இரண்டு எழுத்துக்களைத் தருதல் வேண்டும். ஒன்று, தாம் விரும்பிக் கற்ற ஆங்கில நூல் ஒன்றைப்பற்றித் தம் சொந்த ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை. மற்றொன்று, தமிழினின்று ஆங்கிலத்திற்குப் பெயர்த்த ஒரு சிறு பகுதி. பாட்டியார் சொல்லும் கதையாகவோ, வயலிற் பாடும் பாட்டாகவோ, சங்கச் செய்யுளாகவோ அஃது இருக்கலாம். எழுதினவர் பெயரை மறைத்து மூவர் அவற்றைப் படித்தல் வேண்டும். குறையுள்ளதைத் தள்ளிவிடாது, குறை இன்னதென எழுதித் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். திருத்திக் கொணர்ந்தால் மறுபடியும் ஏற்றல் வேண்டும். தேறிய எழுத்தை அதனை ஆக்கியவரே சபையில் நின்று படித்து, கேட்கும் வினாக்களுக்கு விடை பகரட்டும். நூலைச் சபை நடுவே அரங்கேற்றுதல் நம் முன்னோர் வழக்கமே. ஆகவே இதில் நமக்குப் புதுமை ஒன்றுமில்லை. கட்டணம் யாதும் வேண்டா. சேர்ந்தபின், ஒவ்வோர் அங்கத்தினரும் ஓராண்டு முழுவதும் கீழ்வகுப்பு மாணாக்கர் ஒருவர்க்கு வாரம் ஒருநாள் உடனிருந்து படிக்கத் துணை செய்தல் கடமையாக வேண்டும்.

இதற்கு ஆட்சேபங்கள் எழும். மார்க்கை நீக்கினால் தரம் தாழ்ந்துவிடும் என்பர் சிலர். மூன்று மணி நேரத்தில், மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும் பரீட்சையைக் காட்டிலும், தாமே எழுதி, திருத்தி, பலர்முன் நின்று காக்கவேண்டிய கட்டுரை எளிதன்று. கடை நோட்டைப் பாராமல் ஒருபக்கம் எழுதிப் பார்த்தவர்க்கு அது தெரியும். பிறர் எழுதியதையும், இந்நாளில் இயந்திரம் நொடியில் எழுதிக் கொடுப்பதையும் தமதென்று காட்டுவாரே எனின், அதற்காகவே சபையில் வினாவும் விடையும் வைத்தோம். தாம் எழுதாததைத் தாம் காத்தல் அரிது.

ஆங்கில மாணாக்கரைத் தமிழிலும் சோதிப்பது ஏன், அது தமிழ்ப் பகுதியாரின் வேலையன்றோ என்பர் வேறு சிலர். மைசூரிற் பிறந்து ஆங்கில இலக்கியம் கற்ற ஏ. கே. ராமானுஜனை அவர்கள் நினைப்பாராக. அவர் குறுந்தொகைப் பாடல்களைத் தேர்ந்து ஆங்கிலத்திற் பெயர்த்து 1967-ஆம் ஆண்டில் வெளியிட்டார். தமிழறியாத எத்தனையோ பேர்க்கு நம் ஐந்திணை என்பது அந்நூலின் வாயிலாகவே தெரியவந்தது. இரு மொழியின் சுவையையும் ஒருங்கே உணர்ந்த ஒருவரால் ஆன காரியம் அது. மேலும், மேற்கூறிய இரண்டாம் மாணவியை நினைமின். கட்டுரையில் அவள் தடுமாறலாம். ஆனால் நாற்று நடவுப் பாட்டின் பொருளும் ஏக்கமும் அவள் அறிந்த அளவு முன்னவள் அறியாள். மொழிபெயர்ப்பிலே ஒருத்தியின் ஆங்கிலத்திற்கு மற்றவளின் தமிழ் தேவைப்படும். இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய காரணம் அப்போது பிறக்கும்.

ஆசிரியர்க்கு இது பெருஞ்சுமை என்பது மூன்றாவது ஆட்சேபம், இது நியாயமானது. நம் பழைய மாணாக்கர் இவ்விடத்தில் உதவ முன்வரலாம். ஆங்கிலம் கற்று உத்தியோகத்திலும் ஆசிரியத் தொழிலிலும் அமர்ந்திருப்போர், ஆண்டிற்குப் பத்துக் கையெழுத்துப் பிரதிகளைப் படித்து, ஓரத்திற் குறிப்பெழுதி அனுப்ப முடியாதவர்களா? பணம் திரட்டுவதைக் காட்டிலும் இது நம் கலாசாலைக்கு உற்ற கைம்மாறாகும்.

ஆண்டு மகாநாட்டை எங்கே கூட்டலாம் எனின், மலைமேலுள்ள அட்டுவம்பட்டியே தக்க இடம் என்போம். பல்கலைக்கழகத்தார் இடமளிக்க இசைவாராயின், சமவெளிக் கலாசாலைகளின் மாணாக்கரும் மலைநாட்டு மாணவியரும் அங்கே சந்திக்கலாம். குறிஞ்சித் திணையைப் புத்தகத்தில் மட்டும் கண்டவர்கள், பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி மலரும் மலைச்சரிவில் இருந்துகொண்டே அதனைப் பெயர்த்துப் பார்க்கலாம்.

தாலந்துகளைப் பெற்ற ஊழியக்காரர் உவமையை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். ஐந்து பெற்றவனும் இரண்டு பெற்றவனும் தத்தம் முதலை இரட்டித்தனர். எஜமான் இருவரையும் ஒரே விதமாய்ப் பாராட்டினான். தொடக்கத்தில் யாரிடம் எவ்வளவு இருந்தது என்று அவன் கணக்கிட்டிலன். நம் கௌரவ சங்கமும் அக்கணக்கையே பின்பற்றுக. வருகிற ஆண்டில் நம் ஆங்கிலப் பகுதியார் பத்துப் பேரைக்கொண்டேனும் இதனைத் தொடங்குவாராக. அப்பத்துப் பேரின் முதற் கட்டுரைகளும் மொழிபெயர்ப்புக்களும் இதே ஆண்டு மலரின் அடுத்த இதழில் அச்சேறுமாக.