யாரைப் பிடிக்க வேண்டும்?

வன்னியிலே வயல் செய்யும் கமக்காரர் சிலர் அண்மையில் நம்மிடம் வந்தனர். காணி விடயமொன்றைப் பேசி முடித்து எழுந்து செல்லும் வேளையில், அவர்களுள் மூத்தவர் ஒருவர் வாசலிற் சற்றுத் தயங்கி நின்றார். "ஐயா, பாராளுமன்றத்திலை கமத்தைப் பற்றிக் கதைக்கிற நாளிலை நாங்களும் போயிருந்து கேட்கவேணும். அதுக்கு ஆரைப் பிடிக்கவேணும்?" என்று கேட்டார்.

அக்கேள்வியின் முற்பகுதி நம்மை மகிழ்வித்தது. பிற்பகுதியோ நம்மை வெட்கித் தலைகுனிய வைத்தது. தம்மை ஆளும் சட்டங்கள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன என்பதை நேரிற் காண விழையும் குடிமகன், அவ்விருப்பத்தை வாய்விட்டுச் சொன்ன மறுகணமே, யாருடைய தயவை நாடுவது என்று சிந்திக்கின்றான். இடமாற்றத்துக்கு ஒருவரைப் பிடிக்க வேண்டும். நியமனத்துக்கு ஒருவரைப் பிடிக்க வேண்டும். மின்னிணைப்புக்கும் மதகுக்கும் ஒருவரைப் பிடிக்க வேண்டும் என்று பழகிப்போன மக்கள், தமது சொந்த மன்றத்தை எட்டிப் பார்ப்பதற்கும் ஒருவரைப் பிடிக்கவேண்டும் என்றே நம்புகின்றனர். இந்நம்பிக்கையை அவர்கள் உள்ளத்தில் விதைத்தவர்கள் யாவர்? அவர்களுள் நாமும் அடக்கம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கின்றோம்.

இந்நாட்டின் அரசியலமைப்பு என்ன கூறுகின்றது? இறைமை மக்களிடத்தே உள்ளது, அது பராதீனப்படுத்த முடியாதது என்று 3 ஆம் உறுப்புரை கூறுகின்றது. மக்களின் சட்டமாக்கற் றத்துவத்தைப் பாராளுமன்றம் பிரயோகிக்கும் என்று 4 ஆம் உறுப்புரை கூறுகின்றது. பிரயோகிப்பது மன்றம், உடைமை மக்களுடையது. தன் வளவைப் பார்த்துவரச் செல்லும் காணிக்காரன், அங்கே காவலிருப்பவனிடமிருந்து சிபார்சுக் கடிதம் பெற்றுக்கொண்டா செல்கின்றான்?

ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டேயில், தியவன்னா ஓயாவின் நீர்ப்பரப்பின் நடுவே, ஜெப்ரி பாவா என்னும் கட்டிடக் கலைஞரின் திட்டப்படி எழுந்தது இன்றைய பாராளுமன்றக் கட்டிடம். 1982 ஏப்ரல் 29 ஆந் திகதி அது திறந்து வைக்கப்பட்டது. சுற்றிலும் நீர், நீரைக் கடக்க ஒரு பாதை, பாதையிலே காவல். அழகிய கட்டிடம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அழகைக் காண்பதற்காக நம் கமக்காரர் நெடுந்தூரம் பயணஞ் செய்ய வேண்டியதில்லை. அங்கே நிகழும் காரியத்தைக் காண்பதற்காகவே செல்ல வேண்டும்.

செல்வதற்கு வழி இல்லாமலில்லை. படைக்கலச் சேவிதருக்கு விண்ணப்பம் எழுதி அனுமதி பெறுவது ஒரு வழி. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் மூலமாகச் செல்வது மற்றொரு வழி. முதலாவது வழியில் குடிமகன் விண்ணப்பதாரனாக நிற்கின்றான். இரண்டாவது வழியில் அவன் கடமைப்பட்டவனாக நிற்கின்றான். நம் மக்களுட் பெரும்பாலோர் அறிந்தது இரண்டாவது வழி ஒன்றையே. ஏனெனில் முதலாவது வழியை அவர்களுக்கு எடுத்துச் சொல்வதால் எந்த அரசியல்வாதிக்கும் இலாபமில்லை. கடிதம் கொடுப்பவர் தேர்தற் காலத்தில் அக்கடிதத்தை நினைவூட்டுவார். கலரியில் அமர்ந்து அவரை மதிப்பிடவேண்டிய வாக்காளன், அவர் கொடுத்த சீட்டின் நன்றிக்கடனோடு அமர்ந்திருப்பான். தேர்வெழுதும் மாணவன் பரீட்சகரைத் தெரிந்தெடுத்து, அவருக்கு வண்டிச் செலவும் கொடுத்து அழைத்து வருவதை ஒத்ததன்றோ இது!

பாதுகாப்பின் பொருட்டே சிபார்சு என்று சொல்வாருளர். பாதுகாப்பு வேண்டாமென்று நாம் வாதிடவில்லை. அடையாள அட்டையைப் பார்க்கட்டும், பையைச் சோதிக்கட்டும், கைத்தொலைபேசியை வாயிலில் வாங்கி வைக்கட்டும். அவற்றை எவரும் மறுக்கவில்லை. ஆனால் சிபார்சு பாதுகாப்பாகுமா? 1987 ஓகஸ்ட் 18 ஆந் திகதி இதே கட்டிடத்தினுள் கைக்குண்டுகள் வீசப்பட்டன. அவை விழுந்தது ஆளுங்கட்சிக் குழு கூடியிருந்த அறையில். பொதுமக்கள் கலரியிலிருந்து எவரும் அவற்றை வீசவில்லை. 2023 டிசெம்பர் 13 ஆந் திகதி புதுடில்லியில் மக்களவையின் பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் சபைக்குள்ளே குதித்துப் புகைக்குப்பிகளைத் திறந்தனர். அவர்கள் வாசற்படியைத் தாண்டியது உறுப்பினர் ஒருவரின் சிபார்சில் வழங்கப்பட்ட அனுமதிச் சீட்டோடுதான். சோதனைதான் பாதுகாப்பு, சிபார்சு வெறும் அறிமுகமே. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது, பாதுகாப்பின் பெயரால் தயவை நிலைநிறுத்துவதாகும்.

வீட்டிலிருந்தே ஒளிபரப்பிற் பார்க்கலாமே, வீணாக ஏன் அலைய வேண்டும் என்பார் வேறு சிலர். ஒளிப்படக் கருவி பேசுபவரின் முகத்தைக் காட்டும். வெற்றாசனங்களை அவ்வளவாகக் காட்டாது. பாராளுமன்றத்தின் உறுப்பினர் தொகை 225. ஆனால் அரசியலமைப்பின் 73 ஆம் உறுப்புரைப்படி கூட்டம் நடைபெற 20 பேர் இருந்தாற் போதும். கமத்தொழில், நீர்ப்பாசனம், மீன்பிடி ஆகியவற்றுக்குக் கோடிக்கணக்கில் நிதி ஒதுக்கும் வேளையில் எத்தனை ஆசனங்கள் நிரம்பியிருந்தன? நாம் வாக்களித்து அனுப்பியவர் இருந்தாரா? இருந்தவர் விழித்திருந்தாரா? இவற்றை அறியவேண்டுமாயின் கலரியிலேயே அமர வேண்டும். இன்னுமொன்றுண்டு. ஒளிபரப்பிலே நாம் அவரைக் காண்போம்; அவர் நம்மைக் காணமாட்டார். கலரியிலே, தமது தொகுதியின் கமக்காரர் இருபதுபேர் வரிசையாக அமர்ந்திருப்பதை அவரும் காண்பார். அக்காட்சி செய்யும் வேலையை ஆயிரம் மகஜர்கள் செய்யமாட்டா.

இது வெறும் மானப் பிரச்சினையன்று, வயிற்றுப் பிரச்சினை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. இடைப்பட்ட மாதங்களில் வயல்கள் மஞ்சளித்ததை நம் கமக்காரருக்கு நாம் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அது கொள்ளைநோய்க் காலம். விரும்பியிருந்தாலும் எவரும் கலரிக்குச் சென்றிருக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் அதற்கு முந்திய ஆண்டுகளிலும் பிந்திய ஆண்டுகளிலும் சென்றவர் எத்தனை பேர்? 2024 ஜனவரியிற் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்ந்ததே. அதனைத் தத்தம் வீட்டுச் செலவில் உணராதவர் நம்முள் யார்? வரி கொடுக்க எவரையும் பிடிக்கவேண்டியிருக்கவில்லை. வரி விதிக்கும் இடத்தைப் பார்க்க மட்டும் ஏன் ஒருவரைப் பிடிக்க வேண்டும்?

கற்றறிந்த பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. சட்டத்தரணிகளும் வைத்தியர்களும் ஆசிரியர்களும் பொறியியலாளரும் அக்கட்டிடத்துக்குச் சென்றதில்லையா? சென்றிருக்கின்றோம். உறுப்பினர் ஒருவரின் விருந்தினராய்ச் சென்றோம். உணவுச்சாலையில் உபசாரம் பெற்றோம். படிக்கட்டில் நின்று படமெடுத்தோம். ஊருக்குத் திரும்பி அப்படத்தைச் சுவரில் மாட்டினோம். விவாதத்தில் என்ன நடந்தது என்று எவரும் கேட்கவுமில்லை, நாம் சொல்லவுமில்லை. பின்தங்கிய கிராமத்துப் பிள்ளைகளின் பாடசாலைக்காக ஒரு விண்ணப்பத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தோமா? கமக்காரர் அமைப்பொன்றின் செயலாளருக்கு வழியைக் காட்டினோமா? தமக்குக் கதவு திறந்தவுடன் அது எல்லோருக்கும் திறந்துவிட்டதென்று எண்ணுவதே படித்தவரின் பழைய நோய்.

மொழியைக் காரணங்காட்டிப் பின்னிற்போருக்கும் விடையுண்டு. 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தத்தின்பின் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை தெளிவாக நிற்கின்றது. சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பிரதேசத்திலும், உத்தியோகத்தருக்குத் தமிழில் எழுதவும் எழுதிய மொழியிலேயே மறுமொழி பெறவும் குடிமகனுக்கு உரிமையுண்டு. அவ்வுரிமை மீறப்படின் 126 ஆம் உறுப்புரையின்கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தை நாடலாம். 1991 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். ஏட்டிலே உறங்கும் உரிமை உரிமையாகாது. தமிழில் எழுதப்படாத விண்ணப்பத்துக்குத் தமிழில் மறுமொழி எங்ஙனம் வரும்?

வரலாற்றையும் சிறிது நினைத்துப் பார்ப்போம். காலிமுகத் திடலின் அருகே நிற்கும் பழைய பாராளுமன்றக் கட்டிடம் 1930 இல் திறக்கப்பட்டது. 1956 ஜூன் 5 ஆந் திகதி, தனிச் சிங்களச் சட்டமூலம் அங்கே கொண்டுவரப்பட்ட வேளையில், வெளியே அறவழியில் அமர்ந்த தமிழ்த் தலைவர்களும் தொண்டர்களும் காடையராற் றாக்கப்பட்டனர். அதே கட்டிடம் பின்னர் ஜனாதிபதி செயலகமாயிற்று. 2022 ஜூலை 9 ஆந் திகதி, பட்டினியும் எரிபொருட் பஞ்சமும் தாளாத பெருந்திரளான மக்கள் அதன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்தனர். 22 ஆந் திகதி விடியுமுன் இராணுவம் அங்கிருந்தோரை அகற்றியது. ஒரு தலைமுறை வாசலுக்கு வெளியே அடிவாங்கிற்று. ஒரு தலைமுறை வாசலைத் தள்ளித் திறந்தது. அடிவாங்காமலும் உடைக்காமலும், உரிமையோடு உள்ளே சென்று, அமைதியாக அமர்ந்து, கேட்டு, குறித்து, திரும்பி வந்து ஊருக்குக் கணக்குச் சொல்லும் வழி ஒன்றுண்டு. அவ்வழியையே நாம் இன்னும் நடந்து பார்க்கவில்லை.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. அமர்வு நாள் ஒவ்வொன்றிலும் கலரியின் குறித்த தொகை ஆசனங்கள், எவருடைய சிபார்சுமின்றி, அடையாள அட்டையைக் காட்டி முன்கூட்டி விண்ணப்பித்தோருக்கு வரிசைப்படி ஒதுக்கப்பட வேண்டும். விண்ணப்பப் படிவமும் விதிகளும் மறுமொழியும் விண்ணப்பதாரரின் மொழியிற் கிடைக்க வேண்டும். அனுமதி மறுக்கப்படின் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். தூரத்து மாவட்டங்களிலிருந்து வருவோர் பயணத்தை ஒழுங்குசெய்யத்தக்க காலத்துக்குள் மறுமொழி அனுப்பப்பட வேண்டும். இவற்றுள் எது நாட்டைப் பிளக்கும்? எது திறைசேரியை வற்றச் செய்யும்?

கோரிக்கை நிறைவேறும்வரை கைகட்டி நிற்பதும் தகாது. வரவுசெலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதம் வழமையாக நவம்பரிலும் டிசெம்பரிலும் நிகழ்வது. அதுவே வடக்கிலும் கிழக்கிலும் மாரிமழையோடு காலபோகப் பயிர் நிற்கும் காலம். வயலை விட்டு எல்லோரும் செல்ல முடியாது, செல்லவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் ஐந்துபேரைத் தெரிந்தெடுக்கட்டும். பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதி, எந்த அமைச்சின் விவாத நாளுக்கு வர விரும்புகின்றனர் என்பதைக் குறித்து, தமிழில், பதிவுத் தபாலில் அனுப்பட்டும். தபாற் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தட்டும். மறுமொழி எந்த மொழியில், எத்தனை நாளில் வந்தது என்பதைக் குறித்து வைக்கட்டும். அப்பற்றுச்சீட்டும் அக்குறிப்புமே நாளை நீதிமன்றத்தில் நமது சாட்சி. விண்ணப்பம் எழுதத் தெரியாதோருக்கு எழுதிக் கொடுப்பது அவ்வவ்வூர்ச் சட்டத்தரணியினதும் ஆசிரியரினதும் கடமை. கட்டணம் வாங்காது செய்யவேண்டிய கடமை.

வாசலில் நின்று கேட்ட அம்முதியவருக்கு நாம் அளித்த விடையையே இங்கும் பதிக்கின்றோம். எவரையும் பிடிக்கவேண்டாம், ஐயா. பேனாவைப் பிடியுங்கள். தெரியாவிடின் நாம் எழுதித் தருகின்றோம். கையெழுத்து மட்டும் உங்களுடையதாய் இருக்கட்டும்.