ஏரி உடைந்தால் யார் சொல்வது?

சிக்கிம் மாநிலத்தில் 2023 அக்டோபர் 3-ந் தேதி இரவு தெற்கு லோனாக் ஏரி உடைப்பெடுத்தது. கடல் மட்டத்துக்குச் சுமார் 5,200 மீட்டர் உயரத்தில் உள்ள ஏரி அது. வெள்ளம் தீஸ்தா நதிப் பள்ளத்தாக்கில் இறங்கி, சுங்தாங்கில் 1,200 மெகாவாட் மின் திட்டத்தின் அணையை அடித்துக்கொண்டு போயிற்று. ராணுவ வீரர்கள் உள்படப் பலர் மாண்டனர்.

எதிர்பாராத விபத்து என்று இதைத் தள்ளிவிட முடியாது. பனியாறு உருகிப் பின்வாங்கும்போது, தான் தள்ளி வந்த மண்ணையும் கல்லையும் குவியலாக விட்டுச் செல்கிறது. அந்தக் குவியலே கரையாகி நீர் தேங்குகிறது. நம் ஊர் ஏரிக்கு உள்ளது போல் மதகும் கிடையாது, கலங்கலும் கிடையாது. தெற்கு லோனாக்கில் பக்கத்துக் கரை சரிந்து நீரில் விழ, எழுந்த அலை முன்கரையை உடைத்தது. இந்த ஏரியின் அபாயத்தை நிபுணர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தார்கள். 2016-ல் குழாய் போட்டு நீரை வெளியேற்றியும் பார்த்தார்கள். கண்காணிப்புக் கருவிகளோ 2023 செப்டம்பரில்தான் போய்ச் சேர்ந்தன. எச்சரிக்கை ஏற்பாடு பூர்த்தியாகும் முன் ஏரி முந்திக்கொண்டது!

படம் எடுப்பதில் நாம் பின்தங்கவில்லை. இஸ்ரோ 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, இமய நதிப் படுகைகளில் 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட ஏரிகள் 2,431. அவற்றில் 676 ஏரிகள் 1984-க்குப் பின் பெருத்துவிட்டன. அந்த 676-ல் 130 இந்திய எல்லைக்குள் உள்ளவை. லோனாக் வடிந்ததையும் செயற்கைக்கோள் காட்டியது: செப்டம்பர் 28-ல் 167 ஹெக்டேர், அக்டோபர் 4-ல் 60. வடிந்த பின் வந்த படத்தால் ஆற்றோரத்தில் தூங்கியவனுக்கு என்ன பயன்?

ரயிலில் ஒரு ஸ்டேஷனிலிருந்து வண்டியை விடுமுன் அடுத்த ஸ்டேஷனுக்கு மணி அடித்துச் சொல்லியாக வேண்டும். ஏரியிலிருந்து சுங்தாங் வர வெள்ளத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. மேட்டில் ஏற அது தாராளம்.

அருணாசலம், இமாசலம், சிக்கிம், உத்தராகண்ட் ஆகிய நான்கு மாநிலங்களுக்கும் 150 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை மத்திய அரசு 2024-ல் அனுமதித்தது. வரவேற்கிறோம். ஆனால் பணம் முழுவதும் மலை உச்சிக் கருவியோடு நின்றுவிடக் கூடாது. மலை மாநிலங்களில் அணையிலும் சாலையிலும் உழைப்பவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள். இரவில் எந்தப் பக்கம் ஓடினால் மேடு என்பது அவர்களுக்குத் தெரியாது. பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நம் வாசகர்களுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? அபாயச் சங்கு தொழிலாளர் கொட்டகைவரை கேட்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவையாவது இரவு ஒத்திகை நடத்த வேண்டும். அது நடந்ததா என்று பார்த்த பிறகே மாவட்ட அதிகாரிகள் ஆற்றோரத்தில் கொட்டகை போடக் காண்டிராக்டர்களை அனுமதிக்கட்டும்.