பீடத்தில் பொறிக்க வேண்டிய இரண்டு வரிகள்

கவிஞருக்குச் சிலை வைப்பது எல்லா நாட்டிலும் உள்ள வழக்கம்தான். ஆனால் அச்சிலையின் கீழ் என்ன எழுதுவது என்பதில் இரண்டு நாட்டு மக்கள் மல்லுக்கு நிற்பது அடிக்கடி நடப்பதல்ல. நிஜாமி கான்ஜவி விஷயத்தில் அதுதான் நடந்து வருகிறது.

நிஜாமி 12-ம் நூற்றாண்டுக் கவிஞர். இன்றைய அஜர்பைஜானில் உள்ள கான்ஜா நகரில் பிறந்து, ஏறக்குறைய ஆயுள் முழுவதையும் அங்கேயே கழித்து, 1209-ம் ஆண்டு வாக்கில் மறைந்தார். லைலா-மஜ்னு கதையைப் பெருங்காவியமாக்கிப் புகழ்பெறச் செய்தவர் அவரே. அக்காவியம் உட்பட 'கம்சா' எனப்படும் அவருடைய ஐந்து நூல்களும் பாரசீக மொழியில் எழுதப்பட்டவை.

ஊர் ஒன்று, மொழி வேறொன்று. வழக்கு இங்கேதான் தொடங்குகிறது.

சோவியத் ஆட்சியில், 1930-களின் இறுதியில், நிஜாமி அஜர்பைஜானின் தேசியக் கவிஞராக முன்னிறுத்தப்பட்டார். சிற்பி ஃபுவாத் அப்துரஹ்மானவ் வடித்த சிலைகள் 1946-ல் கான்ஜாவிலும் 1949-ல் தலைநகர் பாகூவிலும் எழுந்தன. அவருடைய உருவப்படம் எதுவும் அவர் காலத்திலிருந்து கிடைக்காததால், முகம்கூடச் சிற்பியின் கற்பனைதான். 2012-ல் ரோம் நகரின் வில்லா போர்கேசே பூங்காவில் ஒரு சிலை வைக்கப்பட்டது. அதில் அவரை 'அஜர்பைஜான் கவிஞர்' என்று குறித்ததை ஈரானியர் பலர் கண்டித்தனர். மறு ஆண்டில், கான்ஜாவில் உள்ள அவரது சமாதி மண்டபத்திலிருந்து பாரசீக எழுத்துக்கள் கொண்ட ஓடுகள் அகற்றப்பட்டதாகச் செய்தி வந்தது. ஈரானில் மீண்டும் கொதிப்பு எழுந்தது.

இதில் யார் பக்கம் நியாயம்? இரு பக்கமும் பாதி நியாயம் உண்டு என்பதே நமது கருத்து. தங்கள் மண்ணில் பிறந்து, அங்கேயே அடங்கிய கவிஞரை அஜர்பைஜான் மக்கள் கொண்டாடுவதை யாரும் குறை கூற முடியாது. மொழிபெயர்ப்பில் படித்தாலும் பாசம் பாசம்தான். அதேபோல, தங்கள் மொழியில் எழுதியவரை ஈரானியர் தம்மவர் என்பதும் இயல்பே. ஆனால் ஒருவர் உரிமையை நிலைநாட்ட மற்றவர் உரிமையை அழிப்பது எவ்வகையில் பொருந்தும்? கவிஞர் எழுதிய மொழியை அவர் சமாதியிலிருந்தே பெயர்த்தெடுத்தால், அது கவிஞருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இவ்விருவரும் நினைத்துப் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1941 அக்டோபரில் ஜெர்மன் படைகள் லெனின்கிராட் நகரை முற்றுகையிட்டிருந்தன. மக்களுக்கு அளந்து கொடுத்த ரொட்டி நாளுக்கு நாள் குறைந்து வந்தது. அந்நிலையிலும் அங்குள்ள ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் நிஜாமியின் 800-வது ஆண்டு விழாக் கூட்டம் நடந்தது. போர்முனையிலிருந்து அனுமதி பெற்று வந்து பேசிய அறிஞர்களும் அதில் உண்டு. நிஜாமி அந்நகரில் பிறந்தவரல்லர், அம்மொழியில் எழுதியவருமல்லர். இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் எனப்படும் அதே நகரில் 2002-ல் அவருக்குச் சிலையும் திறக்கப்பட்டது.

டில்லிவாசிகளான நாம் இன்னொரு சான்றை அருகிலேயே காணலாம். நிஜாமுதீன் தர்காவில் அடங்கியிருக்கும் அமீர் குஸ்ரு, நிஜாமி மறைந்து நூறாண்டுகள் ஆவதற்குள், அவருடைய ஐந்து காவியங்களுக்கு எதிரொலியாகத் தாமும் ஐந்து காவியங்களைப் பாரசீகத்தில் இயற்றினார். (தர்காவின் பெயர் சூஃபி ஞானி நிஜாமுதீனுடையது, கவிஞர் நிஜாமி வேறு.) நிஜாமி எந்த நாட்டவர் என்ற வழக்கில் குஸ்ரு இறங்கவில்லை. படித்தார், எழுதினார். அதைவிடப் பெரிய நினைவுச் சின்னம் எது?

தீர்வு கடினமானதல்ல. எந்த ஊரில் சிலை இருந்தாலும் பீடத்தில் இரண்டு வரிகள் போதும்: 'கான்ஜாவில் வாழ்ந்தார். பாரசீகத்தில் பாடினார்.' இரண்டும் உண்மை. இரண்டில் எதையும் மறைக்கத் தேவையில்லை. மூன்றாவது வரியாக ஒரு நாட்டின் பெயரைச் சேர்க்கும்போதுதான் சண்டை வருகிறது. அந்த இடத்தை வெறுமையாக விட்டு வைப்பதே கவிஞருக்கு நல்லது, நாடுகளுக்கும் நல்லது.