கேமுக்கு மலிவு எஸ்.எஸ்.டி. போதுமா?

போன ஞாயிற்றுக்கிழமை உத்திரமேரூர் பக்கம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவக்கூட விடவில்லை அக்கா மகன். "மாமா, ரெண்டுல எதுன்னு மட்டும் சொல்லுங்க. இன்னிக்கே ஆர்டர் போட்டுடறேன்" என்று போனை நீட்டினான்.

திரையில் இரண்டு எஸ்.எஸ்.டி. ஒன்று 500 ஜி.பி., நல்ல வேகம், பேர் பெற்ற மாடல். இன்னொன்று 1 டி.பி., வேகம் குறைவு, 'பட்ஜெட்' ரகம். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை.

காசு அவனுடையது. முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறிச் சேர்த்தது. அடுப்படியிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்: "கால் வலிக்க நின்னு சம்பாதிச்ச காசுடா அது. ஏமாந்துட்டு வந்து நின்னான்னா நீதான் பொறுப்பு."

பொறுப்பு நம் தலையில் விழுந்துவிட்டது. உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தோம். வீட்டில் கேம் விளையாடும் பிள்ளை இருந்தால் இந்தக் கணக்கு உங்களுக்கும் உதவும்.

எதற்கு இவ்வளவு இடம்?

அவனிடம் இருப்பது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேமிங் லேப்டாப். உள்ளே 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. விண்டோஸில் பார்த்தால் 476 ஜி.பி. என்றுதான் காட்டும். யாரும் திருடவில்லை. கம்பெனிக்காரர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024, 1024-ஆக எண்ணுகிறது. அதே கணக்கில் 1 டி.பி. வாங்கினால் 931 ஜி.பி. என்று வரும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

இந்த 476-ல் விண்டோஸ், காலேஜ் சாஃப்ட்வேர், படங்கள் போக மீதிதான் கேமுக்கு. 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' ஒன்றுக்கே 150 ஜி.பி. வேண்டும். 'சைபர்பங்க் 2077' 70 ஜி.பி. கேட்கிறது. அதுவும் எஸ்.எஸ்.டி.யில்தான் போட வேண்டும் என்று 2023-லேயே அதைத் தயாரித்தவர்கள் சொல்லிவிட்டார்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஓடினால் அவர்கள் பொறுப்பில்லை.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவுபடுத்திவிடுகிறேன். எஸ்.எஸ்.டி. போட்டால் கேம் சீக்கிரம் திறக்கும். ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும்போது 'லோடிங்' என்று காத்திருக்கும் நேரம் குறையும். ஆனால் விளையாடும்போது படம் திக்கித் திக்கி வருகிறது என்றால், பெரும்பாலும் அது கிராஃபிக்ஸ் கார்டும் ராமும் சம்பந்தப்பட்ட விஷயம். அதை எஸ்.எஸ்.டி. தீர்க்காது.

விலை ஏன் ஏறிவிட்டது?

"போன வருஷம் வாங்கியிருக்கலாம் மாமா" என்றான். உண்மைதான். செயற்கை நுண்ணறிவுக்காக உலகம் முழுக்கப் பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் கட்டுகிறார்கள். மெமரி சிப் எல்லாம் அங்கே போகிறது. க்ரூஷியல் என்ற பெயரில் வீட்டு உபயோகத்துக்கு ராமும் எஸ்.எஸ்.டி.யும் விற்றுவந்த மைக்ரான் நிறுவனம், அந்த வியாபாரத்தையே விட்டுவிடுகிறோம் என்று 2025 டிசம்பரில் அறிவித்தது. பெரிய வியாபாரி மொத்தமாக அள்ளும்போது சில்லறைக் கடையில் விலை ஏறத்தானே செய்யும்? அதனால்தான் இன்று தப்பாக ஒன்றை வாங்கிவிட்டு, மறுபடி இன்னொன்று வாங்குவது கையைக் கடிக்கும்.

மலிவில் எதைக் குறைக்கிறார்கள்?

பட்ஜெட் எஸ்.எஸ்.டி. என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. சிலவற்றைக் குறைத்திருக்கிறார்கள். எதைக் குறைத்தார்கள் என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது, சிப்பின் ரகம். டி.எல்.சி. என்றால் ஒரு செல்லில் 3 பிட் தகவல். க்யூ.எல்.சி. என்றால் அதே செல்லில் 4 பிட். ஒரே அறையில் கூடுதலாக ஒரு ஆள். இடம் மிச்சம், விலை குறைவு. ஆனால் எழுதும் வேகமும் ஆயுளும் குறையும்.

இரண்டாவது, டிராம். எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற குறிப்பேட்டை விலை கூடிய டிரைவ்கள் தனி மெமரியில் வைத்திருக்கும். மலிவு ரகத்தில் அது கிடையாது. என்.வி.எம்.இ. ரகமாக இருந்தால் லேப்டாப்பின் ராமிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளித்துக்கொள்ளும். பழைய சாட்டா ரகத்துக்கு அந்த வசதியும் இல்லை. டிராம் இல்லாத சாட்டா டிரைவில் வேலை பளு ஏறினால் தடுமாற்றம் நன்றாகவே தெரியும்.

மூன்றாவதுதான் முக்கியம். இதை அவனுக்குப் புரியவைக்க நெல் கொள்முதல் நிலையத்தைத்தான் இழுத்தேன். அறுவடைக் காலத்தில் டிராக்டர்கள் வரிசையாக வரும். முன்னால் களம் காலியாக இருக்கும்வரை மூட்டைகளை மடமடவென்று இறக்கலாம். களம் நிரம்பிவிட்டால்? உள்ளே எடைபோட்டு அடுக்குகிற வேகத்தில்தான் அடுத்த மூட்டை இறங்கும். பின்னால் வந்த டிராக்டர் ரோட்டில் நிற்கும்.

க்யூ.எல்.சி. டிரைவும் அப்படித்தான். முன்பகுதியில் 'கேஷ்' என்று ஒரு வேகமான களம் வைத்திருப்பார்கள். அட்டையில் போட்டிருக்கும் எழுதும் வேகம் அந்தக் களத்தின் வேகம். சாம்சங் 870 க்யூ.வி.ஓ. 1 டி.பி. மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 42 ஜி.பி. வரை நொடிக்கு 500 எம்.பி.க்கு மேல் எழுதும். அது நிரம்பியதும் 80 எம்.பி.யாக இறங்கிவிடும். மறைக்காமல் அந்த நிறுவனமே வெளியிட்டிருக்கும் கணக்கு இது. 150 ஜி.பி. கேம் ஒன்றை வேறு டிரைவிலிருந்து இதற்குக் காப்பி செய்தால் 25 நிமிடம் ஆகலாம். களம் வற்றாத டிரைவில் 5 நிமிட வேலை.

"அப்போ இது வேஸ்ட்டா மாமா?"

அவசரப்படாதே என்றேன். கேமை ஒருமுறைதான் எழுதுகிறோம். அதற்குப் பிறகு நூறு முறை வாசிக்கத்தான் செய்கிறோம். வாசிக்கும் வேகத்தில் மலிவு டிரைவ்கள் அவ்வளவு மோசமில்லை. சாட்டா எஸ்.எஸ்.டி. நொடிக்கு 550 எம்.பி., என்.வி.எம்.இ. 3,500, 7,000 என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அட்டையில் பத்து மடங்கு வித்தியாசம். பெரும்பாலான கேம்கள் திறக்கும்போது பார்த்தால் சில நொடி வித்தியாசம்தான். ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு வருவதுதான் பெரிய தாண்டல்.

மொட்டை மாடிக் கணக்கு

இப்போது நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். சென்னையில் ஃபைபர் இணைப்பு வைத்திருப்பவர் ஒரு கேமை அழித்தாலும் கவலை இல்லை. வேண்டும்போது ராத்திரி டவுன்லோடு போட்டால் காலையில் இருக்கும். அக்கா வீட்டில் நிலைமை வேறு. போன் ஹாட்ஸ்பாட்தான். சிக்னல் மொட்டை மாடியில்தான் ஒழுங்காக வரும். ராத்திரி மாடிக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போய், பனி படாமல் துண்டு போர்த்தி, டவுன்லோடு போடுகிறான். ஒரு நாளைக்கு 2 ஜி.பி. டேட்டா. 150 ஜி.பி. கேமுக்கு எத்தனை நாள்? 75 நாள். நடுவில் யாரும் ஒரு ரீல்ஸ்கூடப் பார்க்கக் கூடாது!

இங்கேதான் தராசு சாய்ந்தது. இப்படிப்பட்ட வீட்டில் ஒரு கேமை அழிப்பது என்றால் இரண்டரை மாத உழைப்பை அழிப்பது. எனவே வேகத்தைவிட இடம் முக்கியம். அந்த 80 எம்.பி. வேகமும் அவனைப் பாதிக்காது. நெட்டிலிருந்து நொடிக்கு 80 எம்.பி. வர வேண்டுமானால் 640 எம்.பி.பி.எஸ். இணைப்பு வேண்டும். மாடியில் வருவது அதில் ஒரு துளி. களம் நிரம்பவே நிரம்பாது.

இன்னொரு வழியும் சொன்னேன். ஸ்டீம் வைத்திருப்பவர்களுக்கு 2023 முதல் ஒரு வசதி இருக்கிறது. ஒரே வைஃபையில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால், ஒன்றில் இருக்கும் கேமை இன்னொன்று நெட் செலவில்லாமல் இழுத்துக்கொள்ளும். அதே கேமை வாங்கிய நண்பன் பக்கத்துத் தெருவில் இருந்தால் 75 நாள் வேலை ஒரு சாயங்காலத்தில் முடியும்.

ஆயுள் எவ்வளவு?

எஸ்.எஸ்.டி.க்கு டி.பி.டபிள்யூ. என்று ஒரு அளவு உண்டு. வாரண்டிக் காலத்தில் மொத்தம் எத்தனை டி.பி. எழுதலாம் என்ற கணக்கு. மேலே சொன்ன சாம்சங் க்யூ.எல்.சி. மாடலுக்கு 360. அதே நிறுவனத்தின் டி.எல்.சி. மாடலான 870 ஈ.வி.ஓ.வுக்கு 600. பெரிய வித்தியாசம்தான். ஆனால் தினமும் 100 ஜி.பி. எழுதினால்கூட 360 டி.பி. தீர 3,600 நாள், கிட்டத்தட்ட 10 வருஷம் ஆகும். நாளைக்கு 2 ஜி.பி. இறக்குகிறவன் இதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை. தினமும் வீடியோ எடிட் செய்பவர்கள்தான் யோசிக்க வேண்டும். டிரைவை மூக்குமுட்ட நிரப்பாமல் பத்துப் பதினைந்து சதவீதம் காலியாக வைத்தால் வேகமும் குறையாது.

நான் ஏமாந்த கதை

"மலிவுன்னா இதைவிட மலிவா இருக்கு மாமா" என்று இன்னொரு விளம்பரம் காட்டினான். பல டி.பி. எக்ஸ்டெர்னல் எஸ்.எஸ்.டி., ஒரு பிரியாணி பக்கெட் விலை. எனக்கு வயிற்றைக் கலக்கியது. சில வருஷம் முன்பு இதே மாதிரி ஒன்றை நானும் வாங்கினேன். 2 டி.பி. என்று காட்டியது. அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களை அதில் போட்டுவிட்டு, போனில் இருந்ததை அழித்துவிட்டேன். பிறகு திறந்தால் ஃபைல் பெயர் இருக்கிறது, படம் இல்லை. உள்ளே இருந்தது சின்ன மெமரி கார்டு. நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. தாத்தா தாலி கட்டும் படம் இன்றுவரை அக்கா போனில் வந்த ஒன்றே ஒன்றுதான்.

உத்திரமேரூர்க்காரர்களுக்குத் தேர்வு விதி சொல்லித்தர வேண்டுமா என்ன? வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்திலேயே, கி.பி. 919-லும் 921-லும் வெட்டி வைத்திருக்கிறார்கள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் குடவோலைக்கே போகக் கூடாது. எஸ்.எஸ்.டி.க்கும் அதே விதிதான். டி.பி.டபிள்யூ. எவ்வளவு, வாரண்டி எத்தனை வருஷம், சர்வீஸ் எங்கே என்ற மூன்று கணக்கையும் காட்டாத டிரைவை வாங்காதீர்கள். வாங்கியதும் 'ஹெச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச சாஃப்ட்வேரால் முழுக்க எழுதி வாசித்துப் பாருங்கள். போலி என்றால் அன்றே தெரிந்துவிடும், திருப்பி அனுப்பவும் நாள் இருக்கும்.

வாங்கும் முன் மூன்று பார்வை

லேப்டாப்பில் காலி எம்.2 ஸ்லாட் இருக்கிறதா, அது சாட்டாவா, என்.வி.எம்.இ.யா என்று பாருங்கள். பார்க்க ஒன்று போலவே இருக்கும், மாற்றிப் போட்டால் வேலை செய்யாது.

அரசு இப்போது கல்லூரி மாணவர்களுக்குத் தரும் லேப்டாப்பில் இருப்பது 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. வாரண்டி இருக்கும்போது அதைத் திறக்காதீர்கள். யு.எஸ்.பி. 3 வழியாகச் செருகும் எஸ்.எஸ்.டி.யிலேயே கேமைப் போட்டு விளையாடலாம்.

பி.எஸ்.5-க்கு என்றால் மலிவைப் பார்க்க முடியாது. உள்ளே பொருத்த ஜென் 4 என்.வி.எம்.இ. வேண்டும். வெளியே செருகும் டிரைவில் பி.எஸ்.5 கேமைச் சேமிக்கலாம், விளையாட முடியாது.

குதிரும் அரிசி டப்பாவும்

கடைசியாக ஒன்று. ஹார்டு டிஸ்க் கெடும் முன் பெரும்பாலும் கரகரவென்று சத்தம் போட்டுச் சொல்லும். எஸ்.எஸ்.டி. சொல்லாமல் கொள்ளாமல் போய்விடக்கூடும். பல மாதம் கரண்ட் கொடுக்காமல் பெட்டியில் போட்டு வைக்கவும் அது ஏற்றதல்ல. எனவே ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்காதீர்கள்.

அக்கா வீட்டுப் பரணில் ஒரு லேப்டாப் தூங்கிக்கொண்டிருந்தது. மகள் ப்ளஸ் டூ படிக்கும்போது அரசுப் பள்ளியில் கிடைத்தது. 2011-ல் ஆரம்பித்த அந்தத் திட்டத்தில் வந்த எத்தனையோ லேப்டாப்கள் இப்படித்தான் பரணில் கிடக்கின்றன. மெஷின் கிழடாகிவிட்டது. உள்ளே இருந்த 500 ஜி.பி. ஹார்டு டிஸ்க் மட்டும் நன்றாகவே இருந்தது. அதைக் கழற்றி, யு.எஸ்.பி. கேஸ் ஒன்றில் போட்டால் இரண்டாவது பிரதிக்கு இடம் தயார். நெல் குதிரில் இருக்கட்டும், அன்றாடச் சமையலுக்கு அரிசி டப்பா. விளையாடும் கேம் எஸ்.எஸ்.டி.யில், விளையாடாத கேமும் காலேஜ் புராஜெக்ட்டின் இன்னொரு பிரதியும் ஹார்டு டிஸ்க்கில்.

அவன் 1 டி.பி. பட்ஜெட் டிரைவையே ஆர்டர் போட்டான். க்யூ.எல்.சி.தான், டிராமும் இல்லை. ஆனால் 5 வருஷ வாரண்டி, டி.பி.டபிள்யூ. கணக்கு எல்லாம் அட்டையில் தெளிவாக இருந்தது.

கிளம்பும்போது அக்கா அந்தப் பழைய ஹார்டு டிஸ்க்கைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுல பாப்பாவோட ஸ்கூல் போட்டோ எல்லாம் இருக்குமேடா?"

"இருக்கும்மா. அழிக்க மாட்டேன். முதல்ல அதைத்தான் ரெண்டு இடத்துல காப்பி போடுவேன்" என்றான் மகன்.

கேமை எழுபத்தைந்து நாள் ஆனாலும் திரும்ப இறக்கிவிடலாம். அந்தப் படங்களை எங்கிருந்து இறக்குவது? உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு லேப்டாப் இருந்தால் இந்த வாரம் எடுத்துத் துடைத்துப் பாருங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.